பிள்ளைகளோடு ஒரு கலியாணப் பயணம்

"பிள்ளையளோட எப்பிடிப் போறது?"

கலியாணக் காட் வீட்டுக்கு வந்ததும் எங்கள் பெண்கள் பலர் முதலில் சொல்வது இதைத்தான். சின்னப் பிள்ளை, தூரப் பயணம், வெயில், வாந்தி என்று காரணம் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அதனால் வெளியே சொல்லமுடியாத மற்றக் காரணங்களையும் அந்தப் பிள்ளையின் தலையிலேயே கட்டிவிடுகிறோம். நகை அடகில் இருக்கும். என்வலப்பில் வைக்கக் கையில் காசு இருக்காது. கூட வருவதற்குக் கணவர் இருக்கமாட்டார். விதவை வந்துவிட்டாள் என்று யாராவது முகத்தைத் திருப்புவார்களோ என்ற பயமும் இருக்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் "சின்னனுக்குச் சரிவராது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சகோதரிகளே, சென்ற ஆவணியில் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது.

எனக்கு மூன்று பிள்ளைகள். இருவரை நான் பெற்றேன். மூன்றாமவன் எனது தங்கச்சியின் மகன். 2009ஆம் ஆண்டு அவனுடைய தாயும் தகப்பனும் ஒரே நாளில் இல்லாமற்போனபோது அவனுக்கு 11 வயது. எனது கணவரும் அதே ஆண்டில்தான் போனார். அன்றிலிருந்து அவன் என்னோடுதான் வளர்ந்தான். இன்றும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். அதை மாற்றச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. படித்து மட்டக்களப்பில் வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு பிள்ளையை விரும்பி, எங்களிடமும் சொல்லி, கலியாணம் செங்கலடியில் என்று முடிவானது.

நாங்கள் இருப்பது கிளிநொச்சியில். அங்கிருந்து செங்கலடிக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். எனது மகளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண்ணும் பத்து மாதத்தில் ஒரு பையனும் இருக்கிறார்கள். மருமகனுக்குக் கொழும்பில் கட்டட வேலை. அவர் அங்கிருந்து நேரே பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

"அம்மா, நீங்கள் போங்கோ. நான் சின்னனோட வீட்டில நிக்கிறன்" என்றாள் மகள்.

ஒரு கிழமையாக அதையே சொன்னாள். ஒருநாள் இரவு, பிள்ளைகள் படுத்தபிறகுதான் விசயம் வெளியே வந்தது. சங்கிலியும் காப்பும் அடகில். வெறுங்கழுத்தோடு மாப்பிள்ளையின் சகோதரி என்று போய் நிற்க முடியாது என்பது அவளுடைய கவலை. நான் சொன்னேன்: "பிள்ளைதான் யோசனை எண்டால் அதுக்கு வழி இருக்கு. நகைதான் யோசனை எண்டால் அதுக்கும் வழி இருக்கு, போடாம வா." பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று கவரிங் செற் ஒன்றைக் கொண்டுவந்து தந்தது. அது விடிவதற்குள் தீர்ந்த பிரச்சினை. பிள்ளைகளோடு போவதற்கான வழியைத்தான் இரண்டு கிழமை யோசித்தோம். அதைக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு முடிவு எடுத்தோம். முகூர்த்த நாளில் போய் இறங்குவதில்லை, முதல்நாளே போவது. கைக்குழந்தையோடு ஒருநாள் முந்திப் போனால் யாரையும் அவசரப்படுத்தத் தேவையில்லை. முக்கியமாகச் சாரதியை. 2023ஆம் ஆண்டு ஆடியில் மன்னம்பிட்டிக்கு அருகில் ஒரு பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் போகவேண்டியதும் அதே வீதிதான். "முகூர்த்தம் தப்பிப்போகும், கெதியா ஓட்டுங்கோ" என்று பின்னால் இருந்து ஒருவர் சொன்னாலே போதும், நல்ல சாரதியும் தடுமாறிவிடுவார். வானைப் பேசும்போதே, இடையில் ஐந்து இடத்திலாவது நிற்போம் என்று சொல்லிவிட்டோம். நான்கு குடும்பமாகச் சேர்ந்து வாடகையைப் பிரித்துக்கொண்டோம். வானில் மொத்தம் நான்கு சின்னப் பிள்ளைகள்.

விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பிள்ளைகளை எழுப்பவில்லை. இரவே போட்டுவிட்ட பருத்திச் சட்டையோடு தூக்கிக்கொண்டுவந்து வானில் வைத்தோம். கலியாணச் சட்டை, சப்பாத்து எல்லாம் பெட்டிக்குள். சிலர் பயணத்துக்கே பட்டுச்சட்டை போட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். அந்தப் பிள்ளை வழி முழுக்கச் சொறிந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். முன் ஆசனத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பதற்கு யாரையும் விடவில்லை. திடீரென்று பிறேக் போட்டால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. பிள்ளைகளையும் தாய்மாரையும் நடு ஆசனங்களில் இருத்தினோம். பெரியவர்கள் யன்னல் பக்கமாக இருந்தார்கள். கையோ தலையோ வெளியே போகாது.

கையில் எடுத்த பை ஒன்றுதான். அதற்குள் கொதித்தாறிய தண்ணீர், நனைத்துப் பிழிந்த இரண்டு துவாய், மாற்றுச் சட்டைகள், பத்துப் பதினைந்து சொப்பிங் பை, மாரி பிஸ்கற், வாழைப்பழம், பனடோல் சிரப், இரண்டு ஜீவனிப் பக்கற். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் ஜீவனிதான் முதற் கை மருந்து. ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதாகக் கரைக்கவேண்டும். பாதிப் பக்கற்றை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுப்பது கூடாது. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குமேல் வைத்திருக்கவும் கூடாது. வாகன வாந்திக்கு என்று கடையில் விற்கும் குளிசையைச் சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள், கிளினிக்கில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். புறப்படுமுன் எண்ணெய்ச் சாப்பாடு கொடுக்காமல் விட்டாலே பாதி வாந்தி நின்றுவிடும். தேசிக்காயைக் கீறி மணக்கக் கொடுப்பது எங்கள் அம்மா காலத்து வைத்தியம். பேத்திக்கு அது விளையாட்டுச் சாமானாகவும் உதவியது.

1990 என்ற இலக்கத்தை எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் போட்டுவைத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, காசு எதுவும் இல்லை. 2018இலிருந்து எங்கள் வடக்கிலும் ஓடுகிறது. நல்லவேளை, அழைக்கத் தேவை வரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வழியில் மலசலகூடம் கிடைக்காது என்று பயந்து எங்கள் பெண்கள் பயண நாளில் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். பால் கொடுக்கும் தாய் அப்படிச் செய்தால் தலைச்சுற்று வரலாம். எந்தெந்த ஊரில் பெற்றோல் செற் இருக்கிறது, எங்கே சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்று சாரதிமாருக்குத் தெரியும். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். எங்கள் சாரதியிடம் வானில் ஏறுமுன்பே கேட்டுவைத்திருந்தேன்.

முதலில் நின்றது முறிகண்டிப் பிள்ளையாரிடம். அந்த இருட்டிலும் அங்கே ஒரு லொறியும் இரண்டு பஸ்ஸும் நின்றன. ஏ9 வீதியால் போகும் எவரும் அவரைத் தாண்டிச் சும்மா போவதில்லையே. தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். பேத்தி அரை நித்திரையில் கும்பிட்டாள். கச்சான் சரை கைக்கு வந்ததும் முழுதாக முழித்துவிட்டாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கச்சான் கொடுக்கவேண்டாம், தொண்டையில் சிக்கும்.

மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் தாண்டி ஓமந்தை வரும்போது நிலம் வெளுத்துவிட்டது. அதுவரை கதைத்துக்கொண்டு வந்த மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். மடியில் இருந்த சின்னவனை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தச் சோதனைச்சாவடியை 2015இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தை அறியாதவர் கண்ணுக்கு வெறும் வீதிதான். ஆனால் 2009இல் அவள் ஒன்பது வயதுப் பிள்ளையாக அங்கே நின்றவள். பிறகு செட்டிகுளம் முகாம்.

"இஞ்சதான் எங்களை பஸ்ஸால இறக்கினவை" என்றாள் மெதுவாக, யாருக்கும் சொல்லாததுபோல்.

பேத்தி விடவில்லை. "ஆர் இறக்கினது? ஏன் அம்மா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அது அவளுடைய பதில்.

"அப்ப சண்டை. அம்மா உன்னைமாதிரிச் சின்னப் பிள்ளை. அம்மம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அழுதனீங்களோ?"

"ஓம், அழுதனான்."

"இப்ப?"

"இப்ப மாமான்ர கலியாணத்துக்குப் போறம்."

பேத்திக்கு அது போதுமாக இருந்தது. கச்சான் கோதை உடைக்கத் தொடங்கிவிட்டாள். என் மகள் அந்த நாளைப்பற்றி என்னிடம்கூட அதுவரை ஒரு சொல் பேசியதில்லை. எங்கள் வீதிகளில் பிள்ளைகளோடு போகும்போது இந்தக் கேள்விகள் வரத்தான் செய்யும். "ஒண்டுமில்லை, பேசாமல் இரு" என்றால் பிள்ளை வேறு யாரிடமாவது கேட்கும். எல்லாவற்றையும் கொட்டினால் ஐந்து வயதுப் பிள்ளையால் அதைத் தாங்கமுடியாது. கேட்டதற்கு மட்டும், உண்மையாக, அந்த வயதுக்கு விளங்கும் அளவில் சொன்னால் போதும் என்பது என் எண்ணம். மகள் அதைத்தான் செய்தாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

வவுனியாவில் தேநீர். மதவாச்சி, மிகிந்தலை தாண்டி மரதன்கடவலயில் கிழக்குப் பக்கம் திரும்பவேண்டும். அதற்கிடையில் ஒரு பிள்ளை இரண்டுமுறை வாந்தி எடுத்தது. சொப்பிங் பையும் துவாயும் இருந்தபடியால் பெரிய அமளி இல்லை. வானை நிறுத்தி, இறக்கி, காற்றில் பத்து நிமிடம் நடக்கவிட்டோம். வாந்தி எடுத்த பிள்ளைக்கு உடனே பால் கொடுக்காமல், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது.

ஹபரணையில் ஒரு சின்னக் கடையில் நின்றோம். எங்களோடு வந்த ஒருத்தியின் மூன்று வயது மகனுக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் தேவை. கொண்டுவந்த சுடுதண்ணிப் போத்தல் ஆறிப்போயிருந்தது. எங்களில் யாருக்கும் ஒழுங்காகச் சிங்களம் தெரியாது. மகள் போத்தலைக் காட்டி "உணு வத்துர" என்றாள். கடைக்கார அம்மா போத்தலை வாங்கி, தானே கழுவி, கொதிதண்ணீர் நிரப்பித் தந்தார். பிறகு சின்னவனைக் கையில் வாங்கிக்கொண்டு, மகள் தேநீர் குடித்து முடியும்வரை கடை வாசலில் உலாத்தினார். தேநீருக்குக் காசு எடுத்தார், தண்ணீருக்கு எடுக்கவில்லை. வழியில் வாங்கித் தின்ற பலகாரங்கள் பிள்ளைகளுக்கு மறந்துபோய்விட்டன. அந்த அம்மாவின் கடையில் நின்ற பூனையைப் பற்றி மட்டும் பேத்தி இன்றும் கதைக்கிறாள்.

ஹபரணை தாண்டினால் யானைக் காடு. ஆவணி, புரட்டாசி மாதங்களில் மின்னேரியாக் குளத்து வெளிக்கு யானைகள் கூட்டமாக வரும். வீதியோரம் ஒன்று நின்றது. பிள்ளைகள் கத்திய கத்தில் வான் அதிர்ந்தது. சாரதி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கோண் அடிக்காமல், மெதுவாகக் கடந்தார். சிலர் இறங்கிப் படம் எடுக்கிறார்கள், வாழைப்பழம் நீட்டுகிறார்கள். பிள்ளைகள் இருக்கும் வாகனத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். இருட்டிய பிறகு இந்த வீதியால் போகாமல் இருப்பது நல்லது. நாங்கள் விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொலன்னறுவை, பிறகு மன்னம்பிட்டியில் மகாவலி. அங்கே முன்பு ரயிலும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தால்தான் போகவேண்டும். 2007இல்தான் வாகனங்களுக்கென்று புதிய பாலம் வந்தது. வெலிக்கந்தை, புணானை, ஓட்டமாவடி. பிள்ளைகள் எல்லோரும் நித்திரை. பெரியவர்களும்தான். இரண்டு மணிபோலச் செங்கலடியில் இறங்கினோம். மாப்பிள்ளை வீட்டாருக்கென்று அவனுடைய நண்பர் ஒருவர் தனது வீட்டை ஒழித்துத் தந்திருந்தார். வந்து எங்களைக் கண்டதும் மகன் முதலில் தூக்கியது பேத்தியைத்தான்.

அடுத்தநாள் காலை அந்த வீட்டில் பால் அறுகு வைத்தார்கள். முழுகுமுன் மாப்பிள்ளையை இருத்தி, பெரியவர்கள் பாலையும் அறுகையும் தலையில் வைப்பது எங்கள் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பின்னால் சுவரோடு நின்றேன். எங்கள் வானில் வந்த ஒரு பெரியம்மா முறையானவர், நல்ல மனுசிதான், "சுமங்கலியள் வைக்கட்டும், நீ அங்கால நில் பிள்ளை" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அதற்கு முதலே நான் அங்கால்தான் நின்றேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். "பெரியம்மா, முதல் நீங்கள் வையுங்கோ."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மெதுவாகத்தான் கேட்டான்: "அப்பா மட்டும் போய் அம்மா இருந்திருந்தால், அவவையும் வைக்கவேண்டாம் எண்டு சொல்லுவினமோ?"

அந்தப் பெரியம்மா கொஞ்சநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே தட்டத்தில் இருந்த அறுகை எடுத்து என் கையில் தந்தார். நான் பாலில் தோய்த்து அவன் தலையில் மூன்றுமுறை வைத்தேன். தங்கச்சியை நினைத்துக்கொண்டேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பேத்தி "நானும், நானும்" என்று துள்ளி வந்து கிண்ணத்துப் பாலை அப்படியே மாமனின் தலையில் ஊற்றிவிட்டாள். அது காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போய், அவன் துவாய் தேடி, அங்கே நின்ற எல்லோரும் சிரித்தோம். மகளும் சின்னவனின் கையைப் பிடித்து அறுகு வைத்தாள். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை என்று யாரும் அன்று பரிதாபப்பட்டுப் பார்க்க இடமிருக்கவில்லை. அவனைச் சுற்றி அவ்வளவு சனம்.

தாலி கட்டும் நேரம் பேத்தி கதிரையில் நல்ல நித்திரை. எழுப்பவில்லை. சின்னவன் மேளச் சத்தத்துக்குப் பயந்து அழுததால் மகள் முகூர்த்தத்தை யன்னலால்தான் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளோடு போனால் இப்படித்தான். கலியாணத்தை முழுதாகப் பார்க்கமுடியாது. பிள்ளைகளுக்கென்று பிட்டும் வாழைப்பழமும் முன்னமே கொடுத்திருந்தோம். பந்தி வரட்டும் என்று பசியோடு வைத்திருக்கவில்லை.

மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. வீடும் பெண்பிள்ளையின் பெயரில்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் இதைக் கேட்டு மூக்கில் விரலை வைத்தார்கள். எனக்கு அது நல்ல வழக்கமாகவே பட்டது. நாளைக்கு என்ன நடந்தாலும் அந்தப் பிள்ளை யாருடைய வாசலிலும் போய் நிற்கத் தேவையில்லை. பெண்ணின் தாயும் தனியே பிள்ளைகளை வளர்த்தவர்தான். சின்னவனை "வா மனே" என்று தூக்கிக்கொண்டு போனவர், நாங்கள் புறப்படும்வரை இறக்கவேயில்லை.

திரும்பும்போது ஒரு விசயத்தில் கவனமாக இருந்தோம். கலியாண வீட்டில் சாரதிக்குக் குடிக்கக் கொடுப்பதை உபசாரம் என்று நினைக்கும் ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் சாரதிக்குச் சாப்பாடு கொடுத்து, ஒரு அறையில் பாய் போட்டு, வாசலில் எனது மருமகனை இருத்தினேன். அவர் நன்றாக நித்திரைகொண்டு எழும்பி, அடுத்தநாள் விடியற்காலை எங்களை ஏற்றினார்.

வந்து ஒரு மாதம் இருக்கும். பெண்ணின் தாய் தொலைபேசி எடுத்தார். தைப்பொங்கலுக்கு அவர்கள் எல்லோரும் கிளிநொச்சிக்கு வரப்போகிறார்களாம். அவருடைய மூத்த மகளுக்கு நாற்பது நாள் கழிந்த கைக்குழந்தை. "பிள்ளையோட எப்பிடிக் கூட்டி வாற?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் மகள் தொலைபேசியை வாங்கிவிட்டாள். தடுப்பூசிக் காட்டை மறக்காமல் எடுத்து வைக்கவேண்டும், பிள்ளையை முன் ஆசனத்தில் வைக்கக்கூடாது, தை மாதம் மழை என்றால் கம்பளித் தொப்பி தேவை, பால் கொடுக்க வானை நிறுத்திவிட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்று ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஹபரணைக் கடையின் அடையாளத்தையும் சொன்னாள். பக்கத்தில் நின்ற பேத்தி, அங்கே ஒரு பூனை இருக்கிறது என்பதையும் சொல்லச்சொல்லி அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.